காத்தான்குடிக்கு மெழுகுவத்தி கிடையாதா?

2017 மே மாதம் மெரினாவில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போனவர்களைப் போலீஸ் பிடித்தது. திருமுருகன் காந்தி உட்பட நாலு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. செத்தவங்களுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தக்கூட அனுமதி வேணுமா என்று சாந்தோம் டீக்கடை வரைக்கும் பேச்சு. நியாயமான கேள்விதான். அதையே கொஞ்சம் திருப்பி நம்மிடமே கேட்கிறேன்: ஆகஸ்ட் 3ஆம் தேதிக்கு மெழுகுவத்தி ஏத்த நம்மை யார் தடுத்தது?

ஆகஸ்ட் 3 என்ன நாள் என்று தெரியாமல் கூகுளுக்குப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. 1990, வெள்ளிக்கிழமை இரவு. மட்டக்களப்புக்குத் தெற்கே காத்தான்குடியில் மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுசைனிய்யா பள்ளிவாசலிலும் இஷா தொழுகை நடந்துகொண்டிருந்தது. முதுகைக் காட்டித் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். செத்தவர்கள் நூற்றுக்கு மேல். சிறுவர்களும் அதில் உண்டு. அடுத்த வாரமே ஏறாவூர், அங்கேயும் நூற்றுக்கு மேல். அதற்கு முன்பு ஜூலையில், ஹஜ் முடித்துத் திரும்பியவர்கள் உட்பட முஸ்லிம் பயணிகளைக் குருக்கள்மடத்தில் மறித்துக் கொண்டுபோனார்கள், அவர்கள் திரும்பவேயில்லை. அக்டோபரில் வடக்கு முழுக்க முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கி அறிவிப்பு. இரண்டு மணி நேர அவகாசம். வீட்டுச் சாவி, நகை, பணம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வடக்கிலிருந்து போனவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்து ஓலைக் கொட்டகைகளில் போய் விழுந்தார்கள்.

இதைச் சொன்ன உடனே ஒருத்தர் கை தூக்குவார். வீரமுனை தெரியுமா? தெரியும். 1990 ஆகஸ்ட் 12, பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களைக் கொன்றதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்குப் பங்கு உண்டு. செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் ராணுவம் நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கொன்றது, கைக்குழந்தைகள் உட்பட. 1992 ஏப்ரல் 29 இன்னும் மோசம். பொலன்னறுவை மாவட்டத்து அழிஞ்சிப்பொத்தானையில் புலிகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றார்கள். சில மணி நேரத்துக்குள் முத்துக்கல், கரப்பொல என்ற பக்கத்துத் தமிழ் ஊர்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் புகுந்தார்கள். அங்கேயும் அதே அளவு பிணங்கள், கூடவே இருக்கலாம். காலையில் ஒரே பாதையில் வயலுக்குப் போகிற ஊர்கள் இவை. துப்பாக்கியைக் கொடுத்தது அரசு. அதை வாங்கிக்கொண்டு யார் வீட்டுக்குப் போவது என்று முடிவெடுத்தவன் பக்கத்து ஊர்க்காரன்.

இந்தப் பக்கத்து ஊர் என்கிற விஷயத்தில் கொஞ்சம் நிற்கணும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கடலோரச் சாலையில் பஸ்ஸில் போனால் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்று மாறி மாறி வரும். இரண்டு பேருக்கும் தாய்வழிக் குடி முறை உண்டு. கோயில் நிர்வாகமும் குடி வழி, பள்ளிவாசல் மரைக்காயரும் குடி வழி. கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார், வீடு மகளுக்கு. பேசுவது ஒரே தமிழ். இன்னொன்றும் சொல்லணும். நான் குடியிருக்கிற இந்த இடத்துக்கு சாந்தோம் என்று பேர் வைத்த அதே போர்த்துக்கீசியர்தான் 17ஆம் நூற்றாண்டில் தங்கள் வசமிருந்த இலங்கைக் கரையிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களைக் கூட்டிவந்து மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். வெள்ளைக்காரன் துரத்தினபோது இடம் கொடுத்த மண் அது. முந்நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து வடக்கில் இரண்டு மணி நேரம் கொடுத்தது தமிழ் பேசும் இயக்கம்.

இப்போது சென்னைக்கு வருகிறேன், என் சண்டை இங்கேதான். மயிலாப்பூர்ப் பக்கம் நடந்த ஒரு வாசிப்புக் கூட்டத்தில் ஈழக் கதைகள் பற்றிக் கட்டுரை படிக்கக் கூப்பிட்டார்கள். முன்னாடியே அனுப்பியிருந்தேன். காத்தான்குடி பற்றிய ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னார் அமைப்பாளர். "இப்ப எதுக்கு தோழர், சிங்களவன் கையில கத்தி கொடுக்கற மாதிரி ஆயிடும்." நான் எடுக்கவில்லை, கூட்டத்துக்கும் போகவில்லை. அவர் கெட்டவர் இல்லை. 2009ல் தெருவில் நின்றவர். அதனால்தான் அவரிடம் கோபம் அதிகம்.

இந்த "இப்ப எதுக்கு" 1990ல் இருந்து ஓடுகிறது. அப்போது போர் நடக்கிறது, வேண்டாம். 2002ல் சமாதானப் பேச்சு, வேண்டாம். 2009ல் இனப்படுகொலை, வேண்டவே வேண்டாம். இப்போது ஜெனீவா. இத்தனைக்கும் 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் சந்திப்பில், பிரபாகரன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வெளியேற்றம் ஓர் அரசியல் தவறு என்று பாலசிங்கமே ஒப்புக்கொண்டார். இயக்கம் ஒத்துக்கொண்டதைக்கூட ஒத்துக்கொள்ள மறுக்கிற விசுவாசம் கோடம்பாக்கத்துக்கும் அடையாறுக்கும் நடுவில் மட்டும் எப்படி முளைத்தது? (காத்தான்குடியைத் தாங்கள் செய்யவில்லை என்று புலிகள் மறுத்தது வேறு கதை. தப்பிப் பிழைத்தவர்கள் பெயர் சொல்லிச் சாட்சி சொன்னார்கள்.)

"முஸ்லிம்கள் தங்களைத் தமிழர்னு சொல்லிக்கிறதில்லையே" என்பது அடுத்த பதில். சரி, சொல்லவில்லை. அதனால்? தமிழன் செத்தால்தான் அழுவேன் என்றால் அதை நேராகச் சொல்லிவிடலாம், மனித உரிமை என்ற வார்த்தையைச் சிரமப்படுத்த வேண்டாம்.

போலந்து-உக்ரைன் கதையைப் பார்க்கச் சொல்வேன். 1943ல் வோல்ஹினியாவில் உக்ரைன் கிளர்ச்சிப் படை பல பத்தாயிரம் போலந்து விவசாயிகளைக் கொன்றது. ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசைக்குக் கூடியிருந்தபோது. அடுத்த வருஷம் சஹ்ரின் என்ற ஊரில் போலந்துக்காரர்கள் உக்ரைனியர்களைக் கொன்றார்கள். 1947ல் போலந்து அரசு ஏறக்குறைய 1,40,000 உக்ரைனியர்களை ஊரோடு பெயர்த்து மேற்கே சிதறடித்தது. இதற்கு என்ன பெயர், எலும்பை யார் தோண்டுவது என்று இரண்டு நாடும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டார்கள். 2022ல் ரஷ்யா உள்ளே வந்தபோது அதே போலந்து லட்சக்கணக்கான உக்ரைனியர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டது. கேள்வியையும் விடவில்லை. 2023 ஜூலையில் ஸெலன்ஸ்கியும் டுடாவும் லுட்ஸ்க் தேவாலயத்தில் சேர்ந்து நின்றார்கள். 2025ல் புஷ்னிகி என்ற அழிந்த ஊரில் எலும்புகளைத் தோண்டியெடுத்து அடக்கம் செய்தார்கள். வெளியே குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது! அவர்களுக்கு இல்லாத "இப்ப எதுக்கு" நமக்கு எதுக்கு?

இன்னொரு கோஷ்டியையும் விட மாட்டேன். காத்தான்குடியை முள்ளிவாய்க்காலுக்குப் பதிலாக வைக்கிறவர்கள். தமிழர்களுக்கு நீதி என்று யாராவது வாய் திறந்தால் மட்டும் 1990 ஞாபகம் வரும். மற்ற நாளில் புத்தளத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது. இவர்களால்தான் என் அமைப்பாளர் பயப்படுகிறார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நாம் முதலிலேயே பேசியிருந்தால் அவர்கள் கையில் அந்தக் கத்தி இருந்திருக்குமா?

படிக்கிறவர்களுக்குச் சாக்கு சொல்ல வழியில்லை. மனித உரிமைகளுக்கான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அப்போதே ஊர் ஊராகப் போய் எழுதினார்கள். அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராஜனி திராணகம 1989ல் கொல்லப்பட்ட பிறகும் எழுதினார்கள். நுஃமான் எழுதியிருக்கிறார். ஏறாவூர்க்காரரான ஷர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்' சென்னைப் புத்தகக் காட்சியிலேயே கிடைக்கிறது. அனாரின் கவிதையை ஸ்டேட்டஸில் வைக்கிற நண்பர்கள் எனக்கு நிறைய. அவர் சாய்ந்தமருதுக்காரர் என்பதும், அந்த ஊருக்குப் பக்கத்தில் 1990ல் என்ன நடந்தது என்பதும் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

போர் முடிந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போன முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் என்பது உம்மா சொன்ன கதை. காணி உறுதி எங்கே, இத்தனை வருஷம் எங்கே இருந்தீங்க என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். சோனகத் தெருவில் இன்னும் கூரை இல்லாத சுவர்கள் நிற்கின்றன, உள்ளே மரம் முளைத்து.