நீச்சல்குளத்தை மூடியது யார்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத் தென்கோடியில், ஒஹாயோ ஆறு மிசிசிப்பியுடன் கலக்கும் முனையில் ஒரு சிறுநகர் இருக்கிறது. எழுத்தில் அது எகிப்தியத் தலைநகரின் பெயரைக் கொண்டிருந்தாலும், உள்ளூரார் நாவில் 'கெய்ரோ' அன்று, 'கேரோ'. மார்க் ட்வெய்னின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலைப் படித்தவர்கள் இவ்வூரை அறிவார்கள். விடுதலையை நாடித் தெப்பத்தில் செல்லும் ஜிம்மும் ஹக்கும் மூடுபனியில் தவறவிடும் ஊர் இதுதான்.

1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்நகரின் மக்கள்தொகை 15,203. 2020இல் 1,733. மருத்துவமனை 1986இல் மூடப்பட்டது. எஞ்சியிருந்த மளிகைக்கடையும் 2015இல் மூடப்பட்டது. அதன்பின் ஒரு புட்டி பாலோ நான்கு தக்காளியோ வேண்டுமானால், ஆற்றைக் கடந்து கென்டக்கிக்கோ மிசௌரிக்கோ போக வேண்டியிருந்தது. பதூகா நகரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கார் உள்ளவருக்கு இது அலைச்சல். கார் இல்லாத முதியவருக்கோ, அன்றைய உணவே இன்னொருவருடைய வசதியைப் பொறுத்தது.

இந்த வீழ்ச்சிக்கு ஒரு வழக்கமான விளக்கம் உண்டு. நீராவிப் படகுகளின் காலம் முடிந்தது, இரயில் பாலம் வந்தது, பின்னர் நெடுஞ்சாலை ஊரைவிட்டு ஒதுங்கியது, ஆகவே நகரம் தேய்ந்தது என்பார்கள். இது பொய்யன்று, ஆனால் பாதிக்கதை. இவ்விளக்கத்தின் வினைச்சொற்களைக் கவனிக்க வேண்டும். முடிந்தது, ஒதுங்கியது, தேய்ந்தது என எல்லாம் தன்வினை. 'அழிந்தது' என்பதற்கும் 'அழித்தனர்' என்பதற்கும் தமிழில் சிறு வேறுபாடுதான், ஆனால் இரண்டாவதைச் சொன்னவுடன் 'யார்' என்ற கேள்வி எழுந்துவிடும். 'மூடப்பட்டது' என்னும் செயப்பாட்டுவினையோ அக்கேள்விக்கு இடம் விட்டும் விடையளிக்காமல் நழுவுகிறது. மேலே மருத்துவமனையையும் கடையையும் பற்றி எழுதிய வாக்கியங்களும் அப்படிப்பட்டவையே.

கேரோவில் ஒரு நீச்சல்குளம் இருந்தது. கறுப்பின மக்களைத் தவிர்ப்பதற்காக அதைத் தனியார் மன்றம் என்ற பெயரில் நடத்தினார்கள். 1962 கோடையில் அதற்கு எதிராக இளைஞர்கள் போராடினார்கள். பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரசில் உறுப்பினரான ஜான் லூயிஸ், தோழர்களுடன் அக்குளத்தருகே மண்டியிட்டுப் பிரார்த்திக்கும் காட்சியை டேனி லயன் எடுத்த ஒளிப்படம் இன்றும் காட்டுகிறது. அனைவருக்கும் திறப்பதைவிட மூடுவதே மேல் என்று நடத்தியவர்கள் முடிவு செய்தார்கள். பின்னர் அதில் கான்கிரீட் நிரப்பப்பட்டது. அந்தக் கோடைகளில் வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளுக்கும் குளமில்லை என்பதை அவர்கள் எண்ணாமல் இருந்திருக்க முடியாது. எண்ணியே செய்தார்கள்.

கடைவீதியின் கதையும் இதுதான். 1967இல் ராபர்ட் ஹன்ட் என்ற கறுப்பின இளம் இராணுவ வீரர் காவலில் இறந்தார். தற்கொலை என்றனர் அதிகாரிகள்; கறுப்பின மக்கள் அதை நம்பவில்லை. கொந்தளிப்பு அடங்காத நிலையில், 1969இல் 'யுனைடெட் ஃப்ரன்ட்' அமைப்பு வெள்ளையர் கடைகளைப் புறக்கணிக்க அழைத்தது. தங்கள் பணம் நடமாடும் கடைகளில் தங்களுக்கும் வேலை வேண்டும் என்பது கேட்டவற்றுள் ஒன்று. பிடிவாதமான புரட்சிக் கோரிக்கையொன்றும் அன்று. ஒரு விற்பனையாளர் வேலை! ஆயினும் புறக்கணிப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. வேலை கொடுப்பதற்குப் பதிலாகக் கடையையே மூடிவிட்டவர்கள் உண்டு.

1,733 பேர் வாழும் ஊரில் பெரிய அங்காடி எப்படிக் கட்டுப்படியாகும் என்று பொருளியல் மாணவர் கேட்கலாம். கணக்கு சரிதான். ஆனால் அந்த 1,733 என்னும் எண் எங்கிருந்து வந்தது? வேலையும் கடையும் இல்லாத ஊரிலிருந்து மக்கள் வெளியேறினார்கள், மக்கள் வெளியேறியதால் கடைகள் வரவில்லை. 2017இல் எல்ம்வுட், மெக்பிரைட் என்னும் இரு அரசுக் குடியிருப்புகளைக் கைவிடுவதாகக் கூட்டாட்சி அரசின் வீட்டுவசதித் துறை அறிவித்தபோது, ஏறத்தாழ 400 பேர் வீடு தேட வேண்டியதாயிற்று. அவர்களில் பாதிப்பேர் குழந்தைகள். பல்லாண்டுகளாகப் பழுது பார்க்காமல் விட்டதன் விளைவை, இடிப்பதற்கான காரணமாகவே காட்ட முடிந்தது.

நகர வாழ்வின் வசதிகளை ஆராய்வோர் பெரும்பாலும் அட்டவணை போடுகிறார்கள். மருத்துவமனை, நூலகம், கடை, குளம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். உண்டெனில் ஒன்று, இல்லையெனில் சுழி. குளமே தோண்டாத ஊருக்கும், தோண்டிய குளத்தில் கான்கிரீட் கொட்டிய ஊருக்கும் அதில் ஒரே சுழிதான். கேரோவைப் பற்றிய ஆய்வு அந்த அட்டவணையோடு நிற்குமானால், அது தவறான தரவைத் தரவில்லை. ஆனால் மூடியவர்களுக்கு மறைவிடம் தருகிறது. கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்களாவது தேவை. எந்த ஆண்டு போயிற்று என்பதற்கு ஒன்று, யாருடைய முடிவால் என்பதற்கு ஒன்று.

இவ்வூர் கைவிடப்பட்டது என்று சொல்வதும் முழு உண்மையாகாது. கேரோவைச் சுற்றி உயர்ந்த வெள்ளத்தடுப்புக் கரைகள் உள்ளன. 2011 மே மாதம் இரண்டு ஆறுகளும் பெருகியபோது, நகரைக் காக்க இராணுவப் பொறியாளர் படை எதிர்க்கரையில் பேர்ட்ஸ் பாயின்ட் கரையை வெடிவைத்துத் தகர்த்தது. மிசௌரியின் 1,30,000 ஏக்கர் நிலத்துள் நீர் பாய்ந்தது. அதைத் தடுக்க மிசௌரி மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லை. அத்தனை எதிர்ப்புக்கு இடையிலும் அந்த முடிவை எடுக்கப் பொறுப்புள்ள ஓர் அமைப்பு இருந்தது. கரைக்கு உள்ளே வாழ்வோருக்கு உப்பும் அரிசியும் கிடைப்பதற்கு அப்படிப் பொறுப்பேற்க எவரும் இருக்கவில்லை. 2015இல் கடை போனபின் அடுத்த மளிகைக்கடை 2023 ஜூனில்தான் திறந்தது. அதுவும் பெருநிறுவனக் கிளையாக அன்று, ஊர்மக்கள் உறுப்பினராகச் சேர்ந்த கூட்டுறவுக் கடையாக.