ஓடிப்போனவர்கள் திரும்பிய ஊர்



‘கலையெல்லாம் வயிறு நிரம்பினவன் சமாச்சாரம், நமக்கு முதல்ல நிலமும் கூலியும்தான்’ என்று நம்ம தோழர்களே சிலர் சொல்வதுண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசித் திரிந்தேன். அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அட்லாண்டா நகரத்தின் வரலாற்றைப் படித்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

1906 செப்டம்பரில் அந்த ஊரில் வெள்ளையர் கும்பல் புகுந்து குறைந்தது 25 கறுப்பர்களைக் கொன்றது. அப்போது அங்கே பேராசிரியராக இருந்தவர் டுபாய்ஸ். 1946-இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதி, உங்கள் மக்களின் நிலையும் தீண்டப்படாதாரின் நிலையும் ஒன்றுபோல இருக்கிறது என்றாரே, அதே டுபாய்ஸ்தான். கொலைக்கும் பருத்திக்காட்டுக் கடனுக்கும் தப்பி, 1910-களிலிருந்து 1970 வரை தெற்கைவிட்டு வடக்கிலும் மேற்கிலும் போய்க் குடியேறிய கறுப்பின மக்கள் சுமார் 60 லட்சம்.

போகாமல் தங்கினவங்க சும்மா இருக்கவில்லை. வெள்ளையர் அருங்காட்சியகங்கள் கதவைச் சாத்தின. அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்த ஹேல் உட்ரஃப், 1942-இல் கறுப்பு ஓவியர்களுக்கென்றே ஆண்டுக் கண்காட்சி ஒன்றைத் தொடங்கினார். 1970 வரை அது நடந்தது. அவருடைய மாணவர்கள் செம்மண் மேட்டையும் சாய்ந்த குடிசையையும் கொல்லைப்புறக் கக்கூசையும் வரைந்தார்கள். ‘கக்கூஸ் பள்ளி’ என்றே அவர்களுக்குப் பேர் விழுந்தது. விழட்டுமே! எதைக் காட்டி நம்மைக் கேவலப்படுத்தினார்களோ, அதையே வரைந்து சுவரில் மாட்டுவதும் கலகம்தான்.

1970-களில் காற்று திசை மாறியது. வடக்கில் ஆலைகள் மூடத் தொடங்கின. தெற்கிலோ போராட்டம் ஓட்டுரிமையைப் பிடுங்கித் தந்திருந்தது. 1973-இல் மேனார்ட் ஜாக்சன் அட்லாண்டாவின் மேயராகத் தேர்வானார். தென்பகுதிப் பெருநகரம் ஒன்றுக்கு முதல் கறுப்பின மேயர். விமான நிலையக் கட்டுமான ஒப்பந்தங்களில் நாலில் ஒரு பங்கு சிறுபான்மையினருக்கு என்று பிடிவாதமாக நின்று வாங்கித் தந்தார். நகராட்சியில் கலைக்கென்று தனித்துறை வைத்தார். போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மூட்டைகட்டித் திரும்பினார்கள். 1988-இல் தேசியக் கறுப்புக் கலை விழா தொடங்கியது. மறைந்த கறுப்பின மருத்துவர் ஒருவரின் வீடு அதே ஆண்டில் ஹேமண்ட்ஸ் ஹவுஸ் என்ற அருங்காட்சியகமானது. 1995-இல் நியூயார்க் மேடையில் விருது வாங்க ஏறிய அட்லாண்டா ராப் இளைஞர்கள் அவுட்காஸ்டை அரங்கம் கூச்சல் போட்டு அவமானப்படுத்தியது. தெற்குக்கும் சொல்ல விஷயம் இருக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்கள். அதன் பிறகு அந்த இசைக்கே அட்லாண்டா தலைநகரம் ஆயிற்று.

இத்தோடு கதை முடிந்தால் நன்றாயிருக்கும். முடியவில்லை.

டெக்வுட் ஹோம்ஸ் என்ற அரசுக் குடியிருப்பு 1936-இல் திறக்கப்பட்டபோது வெள்ளையருக்கு மட்டும். பிறகுதான் கறுப்பர்கள் அங்கே குடிவந்தார்கள். 1996 ஒலிம்பிக்கை ஒட்டி அதை இடித்தார்கள். அங்கிருந்த ஏழைக் குடும்பங்களில் பெரும்பாலோர் திரும்பி வரவே இல்லை. 1990-இல் நகர மக்களில் 67 விழுக்காடு கறுப்பர்கள். 2020 கணக்கெடுப்பில் பாதிக்கும் கீழே. நகருக்கு வெளியே புறநகர்களில் அவர்கள் பெருகினார்கள் என்பது உண்மை. ஆனால் வாடகை ஏறியபோது முதலில் வெளியேறியது யார்? பாட்டு உலகமெல்லாம் சுற்றுது, பாட்டுப் பிறந்த தெருவிலே வீடு இல்லை.

அட்லாண்டாவில் கலை தானாக முளைக்கவில்லை. கல்லூரியும் ஓட்டும் நகராட்சிக் கஜானாவும் கைக்கு வந்த இடத்தில்தான் அது வேர் பிடித்தது. மண் பறிபோன இடத்தில் கலைஞனும் போய்விட்டான். அதனால்தான் சொல்கிறேன்: நிலமா கலையா என்று நமக்குள் சண்டை வேண்டாம். மேடை கேட்கும்போதே அந்த மேடை நிற்கும் மண்ணுக்குப் பட்டாவையும் கேட்போம்.