தேட்டமும் எடுப்பும்

ஆங்கிலத்தில் 'அக்குவயர்' என்றொரு சொல் உண்டு. ஒன்றைத் தனதாக்கிக் கொள்ளுதல் என்பது அதன் பொதுப்பொருள். அஃது ஆங்கிலத்தின் தன்சொல் அன்று. இலத்தீனில் தோன்றிப் பிரெஞ்சின் வழியாக ஆங்கிலம் புகுந்தது. 'தேடு' என்னும் பொருளுடைய இலத்தீன வினையே அதன் வேர். வினாவைக் குறிக்கும் 'குவெசுச்சன்', வென்றடக்குதலைக் குறிக்கும் 'காங்கர்' ஆகிய ஆங்கிலச் சொற்களும் அவ்வேரிற் கிளைத்தவையே.

அவ்வொரு சொல்லை ஆங்கிலேயர் எத்தனை இடங்களில் ஆள்கின்றனர்! குழவிக்குத் தாய்மொழி கைவருவதும் அதுவே. பிறவியில் இல்லாத நோய் பின்னர் வந்து பற்றுவதும் அதுவே. ஒரு குழுமம் மற்றொன்றை விலைக்கு வாங்குவதும் அதுவே. அரசு உழவனின் நிலத்தை எடுத்துக்கொள்வதும் அதுவே.

தமிழ் இவ்வாறு யாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டுவதில்லை. பொருளை ஈட்டுவர், புலமையை எய்துவர், மகவைப் பெறுவர், நோயுறுவர், பிறர் உடைமையை வௌவுவர். வந்த பொருள் எவ்வழி வந்தது என்பதை வினையே காட்டிவிடும். வள்ளுவரும் பொருள்செயல்வகையை ஓர் அதிகாரமாகவும், வெஃகாமையையும் கள்ளாமையையும் தனித்தனி அதிகாரங்களாகவும் பிரித்தே வைத்தார்.

இலத்தீன வேரில் உள்ள கருத்தும் தமிழுக்குப் புதிதன்று. 'தேடு' என்றால் நாடுதலும் ஈட்டுதலும் ஆம். 'தேட்டம்' என்பது அவ்வாறு தேடிய பொருள். இச்சொல் யாழ்ப்பாணத்தில் சட்டச் சொல்லாகவே வாழ்கின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707-ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற தேசவழமைச் சட்டத்தில், முன்னோர்வழி வந்த உடைமை 'முதுசம்'. மணவாழ்வில் கணவனும் மனைவியும் ஈட்டிய உடைமை 'தேடியதேட்டம்'. வழிவந்தது வேறு, உழைத்துத் தேடியது வேறு என்பதை எழுத்தறியாதவரும் உணரும் சொற்கள் இவை!

தமிழ்நாட்டில் நடந்தது என்ன? வெள்ளையர் 1894-இல் இயற்றிய நிலச் சட்டத்தின் ஆங்கிலச் சொல்லுக்கு 'நில ஆர்ச்சிதம்' என்னும் வடசொல்லைப் பூட்டினர். ஈட்டப்பெற்றது என்பதே அவ் வடசொல்லின் பொருள். உரியவன் இசையாவிடினும் பொதுப்பயன் கூறி, இழப்பீடு தந்து எடுத்துக்கொள்வதற்கு ஈட்டம் என்றா பெயர்? நிலம் இழந்த உழவனுக்கு அவ்வறிக்கையும் விளங்கவில்லை. நடந்தது இன்னதென்று அச்சொல் அவனுக்கு உரைக்கவும் இல்லை.

1894-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 2013-இல் புதுச்சட்டம் வந்துவிட்டது. அலுவலகப் பலகைகளிலும் 'நில எடுப்பு' என்னும் தூய தமிழ் இடம்பெற்றுள்ளது. எடுப்பவரை எடுப்பவர் என்றே காட்டும் நேர்மையான சொல் அது. ஆயினும் 'ஆர்ச்சிதம்' இன்னும் பலர் நாவை விட்டு அகலவில்லை.

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்று அகரமுதலியைப் புரட்டி ஒட்டவைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது. பெற்றவன் யார், இழந்தவன் யார், உழைத்தா, விலை கொடுத்தா, வலிந்தா என்று வினவிய பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும். உழைப்பால் வந்ததைத் தேட்டம் என்க. அரசு எடுத்ததை எடுப்பு என்க. வலியவன் பறித்ததைப் பறிப்பு என்றே அஞ்சாது கூறுக!

சொல் மயங்கின் உரிமை மயங்கும். தமிழர் இதனை உணர்வாராக!