முதுகில் வெயில் இருக்கட்டும்

அறுபது தாண்டியவன் மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 55 வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமத்தை ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பித்துத் தருகிறார்கள். டாக்டர் சான்று கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அரசாங்கம் நம்மை நிறுத்தச் சொல்லவில்லை. அவ்வப்போது உடம்பைக் காட்டிவிட்டு ஓட்டு என்கிறது. நிறுத்தச் சொல்வது நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

"அப்பா, இனிமே டவுனுக்குள்ள மட்டும் ஓட்டுங்க. வெளியூர்னா கார் பிடிச்சுப் போங்க."

இதைக் கேட்காத ஓய்வூதியக்காரர் நம்மில் யாரும் இருக்க முடியாது. என் நண்பர் ஒருவரின் வண்டியை, அவர் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்த வாரத்திலேயே மகன் விற்றுவிட்டான். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் நாற்பது வருஷமாகக் காலையில் ஆற்றங்கரை வரை போய் வந்த மனிதர், இப்போது என்னைப் பார்த்தால் "கார் நடவு முடிஞ்சிட்டா? கன்னடியன் கால்வாயில் தண்ணி வருதா?" என்று கேட்கிறார். பத்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற வயல் அவருக்கு வெளியூர் ஆகிவிட்டது.

பிள்ளைகளின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கண் முன்பு போல இல்லை. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதற்குள் லாரி பக்கத்தில் வந்துவிடுகிறது. பிரேக் பிடிக்க வேண்டும் என்று மூளை சொல்வதற்கும் கால் அழுத்துவதற்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி விழுந்துவிட்டது. இதையெல்லாம் வாதாடி ஜெயிக்க முடியாது. வழியைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஜெயிக்க முடியும். என் கட்சி அதுதான்.

அழகான சாலை எது என்று இளைஞர்களைக் கேட்டால் கொல்லிமலை என்பார்கள், 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறை என்பார்கள், 40 வளைவுகள். கொஞ்சம் வசதியுள்ளவன் லடாக் என்பான். போகட்டும், அவர்கள் வயது அப்படி. ஆனால் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுகிறவன் எதைப் பார்க்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். தாரைப் பார்க்கிறான், எதிரே வருகிற பஸ்ஸின் மூக்கைப் பார்க்கிறான். பள்ளத்தாக்கைப் பார்ப்பது பின்னால் உட்கார்ந்திருப்பவர். மலை மேல் ஏறியவனுக்கு மலை தெரியாது.

என் கணக்கில், ஓட்டுகிறவனே தலையைத் திருப்பிப் பார்த்தாலும் ஆபத்து இல்லாத சாலைதான் அழகான சாலை. நேராக இருக்க வேண்டும், கூட்டம் குறைவாக இருக்க வேண்டும், நாற்பதில் போனாலும் பின்னால் யாரும் ஹாரன் அடிக்கக் கூடாது, நினைத்த இடத்தில் ஓரங்கட்ட இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெயில் நம் முதுகில் இருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட சாலைகளுக்கு நம் சீமையில் பஞ்சமே இல்லை. 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-ல் தென்காசி பிரிந்தது. மாவட்டங்கள் பிரிந்தாலும் பழைய திருநெல்வேலி ஜில்லா ஐந்திணையும் சேர்ந்த நிலம்தான். பாலைக்குத் தனி நிலம் கிடையாது, மற்ற நிலம் காய்ந்தால் அதுவே பாலை என்று தமிழாசிரியர் சொல்லித் தந்தார். அவர் தேரிக்காட்டை மறந்துவிட்டார் போலும்! மலை, கடல், செம்மணல் மூன்றும் பாளையங்கோட்டையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த காலத்தில் ராஜ்தூத்தில் இந்த ஊர்களையெல்லாம் சுற்றியிருக்கிறேன். இப்போது ஸ்ப்ளெண்டர். நமக்கு நூறு சிசி தாராளம்.

முதலில் மலை. தென்காசிக்கு நான்கு வழிச் சாலை வந்துவிட்டது. அவசர வேலைக்கு அது நல்லது, நமக்கு அது வேண்டாம். பழைய அம்பை வழியே போங்கள். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கடையம், தென்காசி. சுமார் 70 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சூரியன் முதுகில் இருக்கும், அதன் வெளிச்சம் முழுவதும் எதிரே பொதிகை மேல் விழும். மலையின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரியும். அம்பை தாண்டியதும் சாலை வடக்கே திரும்பும். அதன் பிறகு தென்காசி வரை மலை இடது கைப் பக்கமாகவே கூட வரும். பத்து மணிக்கு மேல் போனால் அதே மலை வெளிறிப்போய்ச் சாம்பல் பூசினது மாதிரி நிற்கும். ஆகவே ஊர் மட்டும் முக்கியமில்லை, நேரமும் முக்கியம். மாலையில் திரும்பும்போது வெயில் மறுபடியும் முதுகுக்கு வந்துவிடும். இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும்.

இந்த வழிக்கு நல்ல காலம் ஆவணிக் கடைசியும் புரட்டாசியும். குற்றால சீசன் கூட்டம் வடிந்திருக்கும், மலை பச்சை குறையாமல் இருக்கும். ஆடியில் சாரல் சுகம்தான், ஆனால் நனைந்த சாலையில் ஆயிரம் கார்களுக்கு நடுவே அந்தச் சுகத்தை அனுபவிக்க நமக்குத் தெம்பு கிடையாது.

மலை ஏறியே தீர வேண்டும் என்றால் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகத் தென்மலை வரை போகலாம். புளியரை எஸ் வளைவிலிருந்து கீழே வயல்களைப் பார்க்கலாம், வழியில் 1904-ல் திறந்த பழைய ரயில் பாதையின் பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்கலாம். ஆனால் கேரளா போகும் சரக்கு லாரிகள் அந்தச் சாலையில் ஓயாமல் ஓடும். ஆகவே அதிகாலையில் ஏறி, மதிய மழைக்கு முன் இறங்கிவிட வேண்டும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து உருட்டி விடுகிற பழக்கம் நம் தலைமுறைக்கு உண்டு. இறக்கத்தில் எஞ்சின்தான் பாதி பிரேக். அதை அணைத்தால் சுமை முழுவதும் பிரேக் கட்டைக்குப் போகும். குறுகலான மலைச் சாலையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் வழி விட வேண்டும். அது விதி.

அடுத்தது கடல். இங்கே கணக்கு தலைகீழ். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலை தென்கிழக்காகப் போகிறது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் உதிப்பதும் அதே தென்கிழக்கில்தான். காலையில் கிளம்பினால் முழு வெயிலும் நேராகக் கண்ணில் குத்தும். கண்ணில் புரை உள்ளவர்களுக்கு, எதிரே வருகிற வண்டிகூட ஒரு கரும்புள்ளியாகத்தான் தெரியும். முருகனைப் பார்க்க அதிகாலையில் போவது நம் வழக்கம். பஸ்ஸில் போகிறவர்கள் அப்படியே போகட்டும். வண்டியில் போகிறவர்கள் மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று தாமிரபரணிப் பாசனத்தை ஒட்டியே போகிற வழி. தை மாதத்தில் பிசானம் கதிர் பிடித்து நிற்கும், நடுநடுவே வாழைத் தோட்டங்கள். வெயில் பின்னால் இருப்பதால் அந்தப் பச்சை கண்ணுக்கு இதமாக இருக்கும். சுமார் 60 கிலோமீட்டரில் திருச்செந்தூர். அங்கிருந்து தெற்கே 18 கிலோமீட்டர் போல போனால் குலசேகரன்பட்டினம் தாண்டி மணப்பாடு. குலசையில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தசராவுக்கு மட்டுமே தெரிந்த ஊரின் பெயர் இப்போது உலகத்துக்கே தெரிகிறது. மணப்பாட்டில் மணல் மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில் நிற்கிறது. 1542-ல் சவேரியார் வந்து தங்கிய ஊர் அது. நான்கு மணிக்குச் சேர்ந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திருச்செந்தூர் திரும்பி அறை எடுத்துவிடலாம். இரவில் ஓட்ட வேண்டாம்.

கடற்கரைச் சாலைக்கு ஆனி, ஆடி, ஆவணி ஆகாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்று சிறிய வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அதைவிட மோசம், லாரி ஒன்று நம்மைக் கடக்கும்போது ஒரு நொடி காற்று நின்று, லாரி போனதும் மறுபடி ஓங்கி அறைவது. இளைஞன் சமாளிப்பான். நமக்கு அந்த ஒரு நொடி போதும், கீழே போட.

மறுநாள் காலை தேரி. திருச்செந்தூரிலிருந்து காயாமொழிப் பக்கம், அதாவது மேற்கே. காலை வெயில் தானாகவே முதுகுக்கு வந்துவிட்டது பார்த்தீர்களா! ராஜஸ்தான் பாலைவனத்தோடு இதை ஒப்பிட வேண்டாம். இங்கே மழை உண்டு, பனை உண்டு, முந்திரி உண்டு, உடை மரம் உண்டு. ஆனால் அந்தச் சிவப்பு வேறு எங்கும் இல்லை. மணல் துகளைச் சுற்றிப் படிந்திருக்கும் இரும்புத் துருதான் அந்த நிறத்துக்குக் காரணம். காலைச் சாய்வெயிலில் அது குங்குமமாக இருக்கும், உச்சி வெயிலில் வெறும் சூடு. செம்மணலுக்கு நடுவில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனைத் தண்ணீரைப் பார்க்கும்போதுதான், அந்த அய்யனாருக்கு ஏன் அந்தப் பெயர் என்று புரியும்.

தேரியில் ஒரே ஒரு கட்டுப்பாடு. தாரை விட்டு வண்டியை மணலில் இறக்காதீர்கள். நிறுத்தும்போதும் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லோ பலகைத் துண்டோ வையுங்கள், இல்லையென்றால் திரும்பி வரும்போது வண்டி படுத்துக் கிடக்கும். மாசி, பங்குனியில் போனால் பதநீர் கிடைக்கலாம். உடன்குடிக் கருப்பட்டி எப்போதும் கிடைக்கும். பிறகு வடமேற்கே வீட்டைப் பார்த்துத் திரும்பினால் வெயில் முகத்தில் அடிக்காது. பகல் சாப்பாட்டுக்கு வீடு.

கடைசியாக ஒன்று. பின்னால் உட்காருகிறவருக்கும் ஓட்டு உண்டு! நான் சொல்வது தேர்தல் ஓட்டு. என் மனைவிக்கு இடுப்பு வலி. வேகத்தடையும் பள்ளமும் எனக்குத் தெரிவதைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். முக்கால் மணிக்கு ஒரு முறை "கொஞ்சம் நிறுத்துங்க, கால் மரத்துப் போச்சு" என்பாள். முதலில் அது எனக்குத் தடையாகத்தான் தெரிந்தது. ஆனால் நாங்கள் மிக நன்றாகப் பார்த்த இடங்கள் எல்லாம் அவள் நிறுத்தச் சொன்ன இடங்கள்தான். ஆகவே எந்த வழி என்று முடிவு செய்யும்போது அவர்களைக் கேளுங்கள். ஹெல்மெட் இரண்டு பேருக்கும் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகளிடம் சண்டை போட வேண்டாம். எந்த வழி, எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், எங்கே தங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். எழுதிய நேரத்துக்கு வீடு திரும்புங்கள். இரண்டு முறை அப்படித் திரும்பினால் மூன்றாவது முறை அவர்களே "டயர்ல காத்து பார்த்தீங்களாப்பா?" என்று மட்டும் கேட்பார்கள். ஒரு நாள் நாமே சாவியை ஆணியில் மாட்டத்தான் போகிறோம். அது டாக்டரும் நாமும் பேசி முடிவு செய்கிற நாளாக இருக்க வேண்டும். வண்டி விற்றுப்போன பிறகு நமக்குத் தெரிய வருகிற நாளாக இருக்கக் கூடாது.

பிசானம் கதிர் முற்றுவதற்குள் திருச்செந்தூர் சாலையில் ஒரு முறை போய் வாருங்கள். மதியம் ஒரு மணிக்கு, மறந்துவிடாதீர்கள்.