வழிகாட்டி செலவா, சொத்தா?

காமர்ஸ் படிக்கிறவனுக்குப் பாறையோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு கணக்கு வழக்குதான்.

தென் கொரியாவின் வடக்கு ஓரத்தில் ஓடுகிறது ஹன்டான் ஆறு. ஹன்டா வைரஸ் கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்தப் பெயர் இந்த ஆற்றிலிருந்து வந்ததுதான். சுமார் 5,40,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,20,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை, இன்று வட கொரியாவுக்குள் இருக்கும் எரிமலை வாய்கள் அவ்வப்போது குழம்பைக் கக்கின. அது பழைய ஆற்றின் வழியிலேயே 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பள்ளத்தாக்கை நிரப்பியது. ஆறு சும்மா இருக்குமா? இறுகிய பாறையை அறுத்து மறுபடி வழி உண்டாக்கிக் கொண்டது. அதனால்தான் சோர்வோன் பகுதியில் மேலே தட்டையாக நெல்வயல், திடீரென்று கீழே செங்குத்தாகப் பள்ளம்! 2020-ல் யுனெஸ்கோ இதை உலகப் புவிப்பூங்காவாக அங்கீகரித்தது.

2021-ல் சோர்வோனில் பாறைச் சுவரை ஒட்டித் தொங்குகிற மாதிரி 3.6 கிலோமீட்டர் நடைபாதை திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் 10,000 வோன். அதில் 5,000 வோன் கூப்பனாகத் திரும்பி வரும், உள்ளூர்க் கடையில்தான் செலவழிக்க முடியும். வந்த காசு ஊருக்குள்ளேயே சுற்ற வைக்கும் இந்த யோசனைக்கு முழு மதிப்பெண் போடலாம்.

என் கேள்வி வேறு. இந்த மாதிரி இடங்களில் எல்லோரும் பேசுவது தொங்குபாலம், கண்ணாடித் தரை, செல்ஃபி. பாலம் நம்மைப் பாறைக்கு முன்னால் கொண்டு போய் நிறுத்தும், அவ்வளவுதான். அந்தப் பாறை என்ன சொல்கிறது என்று பாலம் சொல்லாது. அதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

அறுகோணத் தூண்களாக நிற்கும் பாறையைப் பார்த்தால் யாரோ செதுக்கியது போல இருக்கும். குளம் வற்றினால் சேறு பாளம் பாளமாக வெடிக்கிறதல்லவா, அது போலக் குழம்பு ஆறும்போது சுருங்கி வெடித்ததுதான் இது. மெதுவாக ஆறிய இடத்தில் தூண் தடிமன், சீக்கிரம் ஆறிய இடத்தில் மெல்லிசு. ஓரிடத்தில் தலையணை அடுக்கியது போல உருண்டை உருண்டையாகப் பாறை இருந்தால், சூடான குழம்பு அங்கே தண்ணீரில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சில இடங்களில் ஒரு கரை எரிமலைப் பாறை, எதிர்க்கரை டைனோசர் காலத்துக் கிரானைட். நடுவில் ஓடும் ஆற்றின் அகலத்துக்குள் பல கோடி வருட இடைவெளி! கூட வந்து ஒருவர் சொல்லாவிட்டால் நமக்கு எல்லாமே வெறும் கல்தான்.

கண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதே ஆற்றங்கரையில் ஒரு சாட்சி உண்டு. 1978-ல் கிரெக் போவன் என்ற அமெரிக்க ராணுவ வீரர் ஜொன்கோக் கிராமத்தருகே ஒரு கல்லைப் பார்த்தார். தொல்லியல் படித்தவர் என்பதால் அது ஆதிமனிதனின் கைக்கோடரி என்று புரிந்தது. கிழக்காசியாவில் அப்படிப்பட்ட கைக்கோடரியே கிடையாது என்று அதுவரை நிலவிய கருத்து ஆட்டம் கண்டது. எத்தனை பேர் அந்த வழியாக நடந்திருப்பார்கள்?

இப்போது கணக்குக்கு வருவோம். பாலம் கட்டினால் ஏட்டில் அது சொத்து. வழிகாட்டிக்குப் பயிற்சி கொடுத்தால் அது செலவு, சொத்தாகக் காட்ட கணக்கியல் விதிகள் இடம் தராது. ஆனால் நிஜத்தில் பாலத்துக்கு வருடா வருடம் தேய்மானம். வழிகாட்டிக்கோ வருடா வருடம் அனுபவம் கூடுகிறது.

"பாலம் இருந்தால்தானே கூட்டம் வரும்?" என்பீர்கள். நியாயம்தான். பாலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிக்கெட்டிலேயே அரை மணி நேரம் வழிகாட்டியோடு நடப்பதையும் சேர்த்து விடுங்கள் என்கிறேன். புவிப்பூங்கா என்ற தகுதியை யுனெஸ்கோ 4 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்கிறது. மக்களுக்குக் கற்றுத் தருவது அந்தத் தகுதியின் அடிப்படைகளில் ஒன்று. பாலத்தை மட்டும் காட்டி எத்தனை நாள் ஓட்ட முடியும்?

நீங்கள் எந்தப் பள்ளத்தாக்குக்குப் போனாலும் சரி, டிக்கெட் கவுன்டரில் முதலில் "வழிகாட்டி இருக்கிறாரா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால்தான் நிர்வாகம் பதினோராவது ஆளுக்கு ஒருவரை வைக்கும். டிமாண்ட் இல்லாமல் சப்ளை வராது, முதல் வருடப் பாடம்!