பழைய ஜீப்பும் வண்டல் சேறும்

தஞ்சாவூர் ஜில்லாவில் மலை கிடையாது. வல்லத்து மேட்டை மலை என்று சொன்னால் வல்லத்துக்காரர்களே சிரிப்பார்கள். கல்லணையிலிருந்து கோடிக்கரை வரையில் தரை ஒரு தாம்பாளத்தைப் போலக் கிடக்கிறது. இப்படிப்பட்ட சீமையில், நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கிற வண்டி ஒருவருக்கு எதற்காக வேண்டும்? போடிநாயக்கனூரிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஏறுகிறவர்கள் அதை வைத்துக்கொண்டால் நியாயம். நெல் விளைகிற ஊரில் அது வெறும் ஆடம்பரம்தானே என்று நேயர்கள் கேட்கலாம்.

இதற்குப் பதில் ஐப்பசி மாதத்தில் கிடைக்கும். இரண்டு நாள் அடைமழை பெய்த பிறகு தார் ரஸ்தாவை விட்டு இறங்கி, வாய்க்கால் ஓரமாக உள்ளே போகிற மண் பாதையில் மோட்டாரை விட்டுப் பாருங்கள். மலையானது, "இதற்கு மேல் ஏறாதே" என்று முன்கூட்டியே முகத்துக்கு நேரே சொல்லிவிடும். வண்டல் மண்ணுக்கு அந்த மரியாதை தெரியாது. மேலே பார்த்தால் வழவழவென்று நல்ல பாதை மாதிரி இருக்கும். பத்தடி போனதும் பின் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும். சுழலச் சுழலப் பள்ளம் ஆழமாகும். கடைசியில் வண்டியின் அடிவயிறு சேற்றில் உட்கார்ந்துவிடும்.

ஜீப் என்னும் வண்டி யுத்தத்துக்காகப் பிறந்தது. 1941 முதல் 1945 வரையில் அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியும் போர்டு கம்பெனியும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. நான்கு சிலிண்டர், 60 குதிரைச் சக்தி, 2.2 லிட்டர் எஞ்சின். அவ்வளவுதான் அதன் பலம். யுத்தம் முடியும் தறுவாயில் வில்லிஸ் கம்பெனியார் அதையே குடியானவர்களுக்கு விற்கலாமென்று யோசித்து, 1945-ல் 'சிவிலியன் ஜீப்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். சி.ஜே. என்ற இரண்டு எழுத்தின் பொருள் அதுதான். அது ஏரை இழுக்கும், கதிரடிக்கும் யந்திரத்தைச் சுழற்றும் என்றெல்லாம் விளம்பரம் செய்தார்கள். அமெரிக்காவின் புன்செய் நிலத்துக்கு அது சரி. நமது சம்பா நடவு வயலில் அதைக் கட்டி உழுதிருந்தால், அதை வெளியே இழுக்க நாலு ஜோடி மாடு வேண்டியிருந்திருக்கும்.

நமது தேசத்துக்கு ஜீப்பைக் கொண்டுவந்தவர்கள் மஹீந்திரா சகோதரர்கள். 1945-ல் அவர்கள் குலாம் முகம்மது என்பவருடன் கூட்டுச் சேர்ந்து 'மஹீந்திரா அண்டு முகம்மது' என்று கம்பெனி ஆரம்பித்தார்கள். பிரிவினை வந்தது. குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதி மந்திரியானார். பின்னால் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். 1948-ல் கம்பெனி 'மஹீந்திரா அண்டு மஹீந்திரா' ஆயிற்று. இரண்டு 'எம்' எழுத்துக்களையும் மாற்றவேண்டிய சிரமம் இல்லாமற் போயிற்று! பம்பாய் மஸகானில் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்து, பிறகு இங்கேயே செய்யவும் தொடங்கினார்கள். பானெட் உயரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும் சி.ஜே.3பி என்ற மாதிரியைத்தான் நம்மவர்களில் பெரும்பாலோர் 'ஜீப்' என்று அறிவார்கள். பானெட் உயர்ந்ததற்குக் காரணம் அழகல்ல. புது எஞ்சினில் காற்று புகும் வால்வுகளைத் தலைக்கு மேலே வைத்துவிட்டதால், எஞ்சினே உயரமாகிவிட்டது.

அப்படிப்பட்ட சி.ஜே.3பி வண்டி ஒன்று, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் தென்னந்தோப்பும் கொஞ்சம் நஞ்சையும் உடைய என் நண்பர் ஒருவரிடம் இருக்கிறது. அவருடைய தகப்பனார் வாங்கியது. பல வருஷங்களாகக் கொட்டகையில் நின்றது. கோழிகள் அதில் குடியிருந்தன. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. நண்பரின் ஊருக்குள் வரும் பாதை முழுவதும் மரமும் சேறுமாக அடைபட்டுக் கிடந்தது. விழுந்த மரத்தைச் சங்கிலி கட்டி இழுக்கவும், குடிதண்ணீர் கொண்டுவரவும் ஏற்ற வண்டி வீட்டிலேயே இருந்தது. ஆனால் அதன் பிரேக்குகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. கார்புரேட்டரில் குளவி கூடு கட்டியிருந்தது. அன்றைக்கு அது ஓடியிருந்தால் என்ற நினைப்பு நண்பரை வெகு நாள் விடவில்லை. கடைசியில் அதைச் சீர் செய்தே தீருவதென்று தீர்மானித்தார். சீரானதும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரையோரமாகப் பிரயாணம் போகவேண்டும் என்பது அவருடைய மற்றோர் ஆசை.

அவர் முதலில் தேடியது மெக்கானிக்கை அல்ல, ஆர்.சி. புத்தகத்தை. இது மிகவும் புத்திசாலித்தனமான காரியம். இரும்பில் உள்ள துருவைச் சுரண்டிவிடலாம். காகிதத்தில் உள்ள கோளாறைச் சுரண்ட முடியாது. 15 வருஷம் கடந்த சொந்த வண்டிக்கு, தகுதிப் பரிசோதனைக்குப் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பொருளாகத் தனியே பதிவு செய்யவும் 2021-ல் சர்க்கார் விதி செய்திருக்கிறது. ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியை நித்தியப்படி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் அது சரி; புயல் அடித்தால் தண்ணீர் சுமப்பதற்கு உதவாது. ஆகையால் நண்பர் பழைய பதிவையே புதுப்பிக்க விரும்பினார்.

பிறகுதான் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரரை ஊரில் எல்லோரும் பாய் என்றுதான் அழைப்பார்கள். வயது எழுபதை எட்டும். பதினாறு வயதில் ஜீப்பின் அடியில் படுத்தவர்.

"பாய், இந்தப் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீஸல் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டால் என்ன?" என்று நண்பர் கேட்டார்.

"தம்பி, எஞ்சின் கனத்தால் முன் ஸ்பிரிங் தாங்கணும். இழுப்பு கூடினால் கியர் பெட்டி தாங்கணும். எல்லாவற்றையும் மாற்றினப்புறம் அது அப்பா வண்டியாக இருக்குமா?" என்றார் பாய். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க, வாத்தியாரய்யா" என்றார்.

நான் சட்டத்தைச் சொன்னேன். தயாரிப்பாளர் செய்து கொடுத்த அமைப்புக்கு விரோதமாக வண்டியை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் தீர்ப்புக் கூறியிருக்கிறது. வேறு எஞ்சின் வைப்பதற்கு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். ஹரியானாவில் மண்டி டப்வாலி என்னும் ஊர், ஜீப்புகளை விதவிதமாக மாற்றிக் கட்டுவதற்கே பெயர் பெற்றது. பெரிய பெரிய டயரும், கண்ணைப் பறிக்கும் விளக்குகளும் வைத்து அனுப்புவார்கள். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். அந்த மோகம் நம் பக்கத்திலும் வந்திருக்கிறது. என் அபிப்பிராயத்தில், ஜீப்புக்கு அவ்வாறு அலங்காரம் செய்வது தஞ்சாவூர் வீணைக்கு ஒலிபெருக்கிக் குழாயைப் பொருத்துவது போன்றது.

பெயிண்டைப் பற்றி நண்பர் மூன்று தடவை பேச்செடுத்தார். பாய் மூன்று தடவையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய வரிசை வேறு. முதலில் உடம்பைத் தூக்கிவிட்டுச் சேஸிஸை ஒரு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும்; துருத் தின்ற இடம் பொத்தென்று கேட்கும். கடற்காற்று அடிக்கிற சீமையில் மூடிய மடிப்புகளுக்குள்ளேதான் துரு குடியிருக்கும். அங்கே பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால், வியாதியைப் போர்வையால் மூடினதாகும். கெட்ட இரும்பை வெட்டி எறிந்து, அதே கனமுள்ள தகட்டை வைத்துப் பற்றவைக்கவேண்டும்.

அடுத்தது பிரேக். இந்தப் பழைய ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே. நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. எங்கேயாவது ஓரிடத்தில் குழாய் கசிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். ஆகவே குழாய்களிலும் ரப்பர்களிலும் சிக்கனம் பார்க்கக்கூடாது. கைப்பிரேக்கு இன்னும் விசித்திரமானது. அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின்னால் ஓடுகிற தண்டைப் பிடிக்கிறது. தண்டைக் கழற்றிவிட்டால் கைப்பிரேக்கும் இல்லை! பட்டறையில் பழக்கமில்லாத பையன்கள் இதை அறியாமல் தண்டைக் கழற்ற, வண்டி தானே உருண்டு போவதுண்டு.

மூன்றாவது ஸ்டியரிங். ஜீப்பின் முன் சக்கரங்கள் சில சமயம், ஒரு குழியில் விழுந்ததும் சாமி வந்ததுபோல் ஆடத் தொடங்கும். நிறுத்தினாலொழிய அடங்காது. சக்கரம் திரும்புகிற கிங் பின்னின் பேரிங் தேய்ந்து இடைவெளி விழுந்திருப்பது இதற்கு ஒரு முக்கிய காரணம். மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் அந்த இறுக்கத்தைச் சரிக்கட்டவேண்டும். எத்தனை இறுக்கம் என்பதைப் பாய் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தார். பௌதிக வகுப்பில் நான் வருஷா வருஷம் காட்டுகிற அதே தராசு, ஜீப்பின் அடியில் வேலை செய்வதைப் பார்த்து எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இனி, நாலு சக்கர இழுப்பைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்று அதிக தூரம் ஓடுகின்றன. இந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே பழைய ஜீப்பில் ஏற்பாடு எதுவும் இல்லை. சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரஸ்தாவில் வழுக்காது. முறுக்கெல்லாம் பல்சக்கரங்களின் மேல் விழும். ஆகையால் ரஸ்தாவில் முன் இழுப்பைப் போடவே கூடாது. இன்னொன்று: நாலு சக்கரமும் இழுக்கும் என்பது பாதி உண்மையே. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் பிடிப்பில்லாமல் சுழன்றால், மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். அப்போது ஆக்ஸிலேட்டரை மிதிப்பதில் பயனில்லை. மண்வெட்டிதான் வேண்டும்.

தண்ணீரில் இறங்குவது பற்றிப் பாய் சொன்னது வெகு ருசிகரமானது. பல மைல் ஓடிய வண்டியின் அச்சுப் பெட்டி சூடாயிருக்கும். அது குளிர்ந்த வாய்க்கால் தண்ணீரில் முழுகியதும் உள்ளேயிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, மூச்சுத் துவாரத்தின் வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் ஆயிலைத் திறந்து பார்த்தால் கும்பகோணம் டிகிரி காப்பியைப் போல் இருக்கும்! அந்த ஆயிலை அப்படியே விட்டால் பேரிங்குகள் போயின. சற்று நின்று, சூடு தணிந்தபின் இறங்கவேண்டும். ஆழம் அதிகமென்றால் விசிறி பெல்டைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் விசிறி தண்ணீரை வாரி டிஸ்டிரிபியூட்டர் மேல் இறைத்துவிடும். கரையேறியதும் பிரேக்கை மெதுவாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மை உலர்த்தவேண்டும். உப்புத் தண்ணீராக இருந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பாகம் முழுவதையும் கழுவவேண்டும்.

பெட்ரோல் விஷயத்தில் ஒரு புதுச் சங்கடம் முளைத்திருக்கிறது. இப்போது பங்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரையில் எதனால் என்னும் சாராயம் கலந்திருக்கிறது. கரும்பிலிருந்தும், அரிசி நொய்யிலிருந்தும் அது தயாராகிறது. நெல் விளைவிக்கிறவரின் ஜீப் நெல்லையே குடிக்கிறது என்று நண்பர் பெருமைப்பட்டார். ஆனால் பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் சவ்வும் அந்தக் குடியைத் தாங்கா. எதனாலைத் தாங்கும் ரகமாக எல்லாவற்றையும் மாற்றவேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் டாங்கியில் தேக்கி வைத்தால் உள்ளே துருப் பிடிக்கும்.

பிரயாணம் எங்கே போவது? இதில் நான் சற்றுக் கண்டிப்பாகவே இருக்கிறேன். டெல்டாவில் வாய்க்கால் கரை என்பது ரஸ்தாவல்ல. பத்துப் பேருடைய பயிருக்கு வேலி. ஈரக் கரையில் ஒரு ஜீப் ஓடினால் பதிந்த தடத்தின் வழியே கரை உடையும். யாரோ ஒரு குடியானவருடைய நாற்று முழுகும். ஆகையால் மழைக் காலத்தில் ஆபத்துக்கு உதவுவதைத் தவிர வேடிக்கைக்காகக் கரையில் ஏறக்கூடாது. தை அறுப்பு முடிந்த பிறகு, மேட்டூர் திறக்கும் வரையில், மண் பாதைகள் காய்ந்திருக்கும். பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று கடலோரமாக இறங்குவதற்கு அதுவே காலம். கோடிக்கரையின் புதைசேறு, 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அங்கே 1967 முதல் வெளிமான்களுக்கும் பறவைகளுக்கும் சரணாலயம் இருக்கிறது. வன இலாகாவின் உத்தரவில்லாமல் உள்ளே போகலாகாது. உத்தரவு கிடைத்தாலும் பாதையை விட்டு உப்புச் சதுப்பில் இறங்கலாகாது. அங்கே விழுந்த சக்கரத் தடம் எளிதில் அழியாது.

சாமான்களுக்கு அதிக கஷ்டமில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் பெரும்பாலும் அகப்படுகின்றன. கை வேலைக்குத்தான் பஞ்சம். இன்றைய பட்டறைகளில் வண்டியில் ஒரு கருவியைச் சொருகினால் அது வியாதியைச் சொல்லிவிடுகிறது. ஜீப்பில் சொருக இடமில்லை. காதை வைத்துக் கேட்கவேண்டும். பாயின் மகன் வெளிநாட்டில் வேலையாயிருக்கிறார். பட்டறையில் உள்ள இரண்டு பையன்களுக்கும் மோட்டார் சைக்கிள் தெரியும், ஜீப் தெரியாது. ஆகையால் விடுமுறை நாட்களில் நான் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் போய் உட்கார்ந்து, எந்தப் பெட்டிக்கு எவ்வளவு ஆயில், எந்த ஆணியை எவ்வளவு இறுக்குவது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, படமும் போட்டு வைக்கிறேன். சில இடங்களில், "இதை எழுத முடியாது, வாத்தியாரய்யா, கையைக் கொடுங்க" என்று என் கையைப் பிடித்து இரும்பின்மேல் வைத்துவிடுகிறார். பையன்களில் சின்னவன் இப்போது தானாகவே பக்கத்தில் வந்து நிற்கிறான்.

வண்டி தகுதிப் பரிசோதனையில் தேறிவிட்டது. வாரத்துக்கு ஒரு நாளாவது பத்து மைல் ஓட்டவேண்டும், ஓட்டாவிட்டால் தம்மிடம் திரும்ப வரக்கூடாது என்பது பாயின் நிபந்தனை. நண்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் உரமூட்டை ஏற்றிக்கொண்டு போகிறார். பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. மழை நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பாய் சொல்லியிருக்கிறார்.