கார் டயர் காருக்கே!



மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் கார் டயரைப் பூட்டி ஓட்டும் வழக்கம் ஒன்று உலகில் உண்டு. அமெரிக்காவில் ஹோண்டா கோல்டுவிங் போன்ற, ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள பெருவண்டிகளில் நெடும்பயணம் செய்வோர் சிலர் இவ்வாறு செய்கின்றனர். கார் டயர் விலை குறைவு, நீண்ட நாள் உழைக்கும் என்பது அவர்கள் வாதம். அது பொய்யன்று. ஆயினும், இது தவறான சிக்கனம் என்பதே என் கருத்து.

கார் சாயாமல் திரும்புகிறது. ஆகவே, அதன் டயர் தரையைத் தொடும் பரப்பு தட்டையாக உள்ளது. மோட்டார் சைக்கிளோ சாய்ந்துதான் திரும்பும். அதனால் அதன் டயரை வளைவாகச் செய்கின்றனர். வண்டி சாயச் சாய, தரைப்பிடிப்பு சீராகத் தொடர்கிறது. தட்டையான டயரில் சாய்ந்தால் வண்டியின் பாரம் டயரின் விளிம்புக்குப் போய்விடுகிறது. மேலும், டயர் ரிம்மில் பொருந்தி அமரும் ஓரப்பகுதியும் இரண்டுக்கும் ஒன்றன்று. இதனாலேயே டயர் தயாரிப்பாளர்கள் இவ்வழக்கம் வேண்டாமென எச்சரிக்கின்றனர். "பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டோம், ஒன்றும் நேரவில்லையே!" என்பார் உளர். நேர்ச்சாலையில் எந்த டயரும் நல்ல டயர்தான். திடீரென விலக நேரும் ஒரு நொடியில்தான் அதன் குணம் தெரியும்.

லூமுட்டில் வாழும் நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். நம் பிள்ளைகள் ஓட்டும் கப்சாயின் 17 அங்குல ஒல்லிச் சக்கரத்தில் கார் டயர் ஏறாதுதான். ஆனால், அதே எண்ணம் வேறு உருவில் ஏறிவிட்டதே! அழகுக்கும் வேகத்துக்கும் என்று அளவுக்கு மீறி மெலிந்த டயரைப் பூட்டுகின்றனர். செலவுக்கு அஞ்சி, வழுக்கையான பின்னும் பழைய டயரிலேயே ஓடுகின்றனர். மாலை மழையில் சித்தியவான் சாலையில் அந்த வண்டி பிரேக் பிடித்தால் என்னவாகும்? நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை மறவாதீர்.

பெற்றோர்களே, 16 வயதில் பிள்ளை பி2 உரிமம் எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. வண்டியின் நிறத்தைப் பார்த்து வாங்கித் தரும் நாம், டயரையும் குனிந்து பார்க்க வேண்டாமா? டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள அளவு, வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒத்திருக்க வேண்டும். அங்குள்ள நான்கு இலக்க எண் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளங்களுக்குள் தெரியும் சிறு மேடுகளின் மட்டத்துக்கு டயர் தேய்ந்துவிட்டால், அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

ஆசிரியர்களே, அறிவியல் பாடத்தில் உராய்வைக் கற்பிக்கும்போது தேய்ந்த டயர் ஒன்றையும் புதிய டயர் ஒன்றையும் வகுப்பிற்குக் கொண்டு செல்லுங்கள். கார் டயரையும் மோட்டார் சைக்கிள் டயரையும் அருகருகே வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் ஒன்று தட்டை, ஏன் ஒன்று வளைவு என்று மாணவர்களே கண்டு சொல்லட்டும். 10 வயதில் தானே கண்டறிந்ததை, 16 வயதில் டயர்க் கடையில் நிற்கும்போது அவன் எளிதில் மறக்கமாட்டான்.

நம் பாட்டன் பாட்டியர் விடியலில் எழுந்து பால்மரம் வெட்டிய பேரா மாநிலம் இது. ரப்பரின் அருமை நமக்குத் தெரியாததன்று. டயரில் மிச்சம் பிடிக்கும் சில பத்து ரிங்கிட்டுக்காக நம் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கலாமா? சிந்திப்போம், செயல்படுவோம்.